வெளுத்த சாமை

போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்தவள். புது மெஷின் வந்துவிட்டதாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதுமாம், அதில் எந்தக் களைக்கொல்லி எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுமாம். "மேடம், அந்த விதைத் தட்டெல்லாம் சும்மா எடத்த அடைச்சுக்கினு கீது. தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். போடு, என்னை ஏன் கேட்கிறாய் என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்து வை என்றேன். எதுக்கு மேடம் என்றாள். போனில் சொல்லுகிற சமாச்சாரம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன்.

என் பெயர் அருள்மேரி. ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கம், மாதா கோயில் தெரு. தாவரவியல் படித்துவிட்டு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். முதலில் பாட்டில் கழுவினேன், பிறகு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன், பிறகு விதை முளைக்கப் போட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

எங்கள் மேலதிகாரி பஷீர் சார், வாணியம்பாடிக்காரர். குடும்பமே தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் படிப்பு என்று போய்க் கடைசியில் அழுக்குத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வந்துவிட்டார். தண்ணீர் எதுவானாலும், சாக்கடை வாய்க்காலே ஆனாலும், கரைக்குப் போகும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார். எவ்வளவு பக்தி என்று நான் உருகிப்போய் ஒருநாள் கேட்டேன். "செருப்புல இன்னா ஒட்டிக்கினு வருதுன்னு யாருக்குத் தெரியும் மேரிம்மா? நாம கொண்டாந்த அழுக்க நாமளே அளந்துட்டு வருவோம்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் வாயிலிருந்து 'சுத்தம்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. தண்ணி சுத்தமாயிடுச்சா சார் என்று ஊர்க்காரர்கள் கேட்டால், "இன்னிக்குப் பச்சை" என்பார். நாளைக்கு என்றால், "நாளைக்குப் பார்ப்போம்" என்பார். அவரோடு வேலை செய்தால் ரத்தக் கொதிப்பு வராமல் இருக்காது.

விதைத் தட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எனாமல் தட்டில் கழுவி வறுத்த மணலைப் பரப்பி, சாமையைத் தூவி, சோதிக்க வேண்டிய தண்ணீரை ஊற்ற வேண்டும். பக்கத்தில் இன்னொரு தட்டுக்கு மழைத்தண்ணீர். எது எது என்கிற அடையாளம் தட்டின் அடியில் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றின ஆள் அதன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒன்றும் தெரியாத வேறொரு ஆள் வந்து முளையின் நீளத்தையும் நிறத்தையும் படித்துச் சொல்ல வேண்டும். ஊற்றினவர் படிக்கக் கூடாது, படிக்கிறவர் ஊற்றியிருக்கக் கூடாது. "ஊத்துனவங்க கண்ணு ஆசைப்படும். ஆசைப்பட்ட கண்ணுக்கு எல்லாமே பச்சையாத்தான் தெரியும்" என்பார் சார். இந்த ஒரு விதியை மீறினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

தண்ணீரைச் சரிசெய்வது செடிதான் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஆரணிப் பக்கம் களை மருந்து கலந்த ஒரு வாய்க்காலில் வெட்டிவேரும் கல்வாழையும் நட்டோம். களையைக் கொல்ல வந்த மருந்து எங்கள் செடியை மட்டும் விட்டுவைக்குமா? வேர் கறுத்து அழுகியது. அடுத்த தடவை சார் நாற்றின் வேரைக் கஞ்சியில் முக்கி, வேர்ப்பூஞ்சை வளர்த்த மண்ணில் புரட்டி நடச் சொன்னார். அந்தப் பூஞ்சை வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் இழை விட்டுச் செடிக்குத் தெம்பு கொடுக்கும். அதற்கு மேல்பக்கம், சிப்பிக்காளான் வளர்த்து முடித்துத் தூக்கிப்போடுகிற வைக்கோல் பைகளை அடுக்கினோம். மரத்தையே மக்கவைக்கிற காளான் இழை மருந்தையும் மெல்ல மெல்ல உடைத்துவிடும். தண்ணீர் முதலில் வைக்கோலுக்குள் புகுந்து, பிறகு வேருக்குள் புகுந்து வெளியே வந்தது. தட்டில் பச்சை வந்தது. எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

அந்த நேரத்தில்தான் ஜவ்வாது மலையில் வேலை செய்கிற ஒரு நர்ஸ் ஈரத்துணியில் எதையோ சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். மேசையில் வைத்துப் பிரித்தார். சாமை முளை. நன்றாக, அடர்த்தியாக, நிமிர்ந்து நின்றது. ஆனால் தண்டு, இலை, நுனி எல்லாம் பால் வெள்ளை. வாடவும் இல்லை, அழுகவும் இல்லை. பச்சை என்ற ஒன்று மட்டும் அதற்குள் வரவில்லை. சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

நர்ஸ் சொன்ன கதை இது. புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஊர். பெயர் வேண்டாம், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அங்கே கன்னிமார் சுனை என்று ஒன்று உண்டு, குடிதண்ணீரும் அதுதான். சாமை விதைக்கும் முன் ஏதாவது ஒரு வீட்டு மருமகள் அந்தச் சுனையில் புதுக்குடத்தில் தண்ணீர் எடுத்து, புற்றுமண் பரப்பிய மூங்கில் தட்டில் ஊற்றி விதை போடுவாள். துணி மூடி இருட்டறையில் வைப்பார்கள். முளைத்ததும் அவளே துணியை விலக்கி வெயிலில் வைக்க வேண்டும். இருட்டில் மஞ்சளாக நின்ற முளை எல்லோர் கண் முன்னாலும் பச்சையாக மாறும். அதைப் பார்த்த பிறகுதான் ஏர் பூட்டுவார்கள். அந்த வருடம் கோவிந்தம்மா என்கிற பெண் எடுத்த தண்ணீர். வெயிலில் வைத்தார்கள். மஞ்சள் போய் வெள்ளையானது. சாயங்காலம் வரை ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தும் வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

தீட்டோடு சுனைக்குப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் சுனைப் பக்கம் வரக்கூடாது, கைப்பம்பைத் தொடக்கூடாது, யார் வீட்டிலும் நெருப்பு கேட்கக்கூடாது. அடுத்த விதைப்புக்கு அவளே மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும். அப்போதும் வெளுத்தால் பெண் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது. "அவ செத்துருவா சார்" என்றார் நர்ஸ்.

நாங்கள் அந்தச் சுனைக்குப் போய்ச் சேர்ந்தது உச்சிவெயில் நேரம். பாறைக்கு அடியில் ஏழு கல், மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் இருப்பதே முதலில் எனக்குத் தெரியவில்லை. அடிமணலின் ஒவ்வொரு பரலும் தெரிந்தது. பாசி இல்லை. தலைப்பிரட்டை இல்லை. தண்ணீர் மேல் ஓடுகிற பூச்சி ஒன்றுகூட இல்லை. என் வேலைக் காலத்தில் எத்தனையோ நாறின குட்டை பார்த்திருக்கிறேன், அங்கெல்லாம் பயந்ததில்லை. இங்கே மலைமேல் இத்தனை மரத்துக்கு நடுவில் ஒரு தவளைச் சத்தம் இல்லை. சுனை ஓரத்தில் மட்டும் கோரைப்புல் வெள்ளையாக முளைத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே என்று வாய் தானாக முணுமுணுத்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், முன்னால் அடி எடுத்து வைக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, எல்லை என்று கல் போட்டிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். கேட்காமலே தெரிந்தது கோவிந்தம்மா என்று.

"தண்ணி கண்ணாடியாட்டம் கீதேக்கா. அப்புறம் ஏன் முளை பொணமாட்டம் வெளுத்து வருது?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள், "நான் தீட்டோட போவல. எம்புள்ள மேல சத்தியமா போவல. யாரும் நம்பமாட்டேங்குறாங்க. ஒருவாட்டி சொன்னேன், ரெண்டுவாட்டி சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. உடனே பூசாரி சடையனிடம் போனேன். வயசானவர், நல்ல மனுஷன், ஆனால் கன்னிமார் விஷயத்தில் இம்மி அசையமாட்டார். நீங்களே உங்கள் கையால் சுனையில் தண்ணீர் எடுங்கள், கோவிந்தம்மா தள்ளி ஓடுகிற ஓடையில் எடுக்கட்டும், இரண்டையும் முளைக்கப் போடுவோம் என்றேன். ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூடத்து அறையில் இரண்டு தட்டும் மூடி இருந்தன. வெயிலில் திறந்தபோது பூசாரியின் தட்டு வெள்ளை, அவளுடைய தட்டு பச்சை.

முடிந்தது கதை என்று நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். முடியவில்லை. கூட்டம் பின்வாங்கியது. பூசாரி சுனை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "அப்ப எம்மேலயும் கோவமா?" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "அவ தீட்டு சுனையில ஒட்டிக்கிச்சு. இனி யார் தொட்டாலும் வெள்ளதான்" என்றாள். என் சோதனை அவளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சார் மட்டும் பதறவில்லை. "தட்டு நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும் மேரிம்மா. யார் கையின்னு கேட்டோம், எந்தக் கையும் இல்லன்னு சொல்லிடுச்சு. எங்கேர்ந்துன்னு இன்னும் கேக்கலையே" என்றார்.

பிறகு பூசாரியிடம் திரும்பி, சாதாரணமாக விசாரிப்பதுபோல, மேல்காட்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருப்பவருக்குக் களை மருந்து அடிக்கப் போகிறவர்கள் மருந்தடிக்கும் டேங்க்கை எங்கே கழுவுகிறார்கள் என்று கேட்டார்.

பூசாரி நிமிர்ந்தார். "சுனையில கழுவ வுடுவேனா சார்? சுனைத்தண்ணி ஓடுற வழில கூடக் கழுவ வுடமாட்டேன். கன்னிமாருக்கு ஆவாதுன்னு நான்தான் எடம் காட்டி வுட்டேன். எல்லைக்கு அந்தாண்ட, மேல ஒரு பாறைக்குழி கீது. அங்கதான் கழுவுவாங்க, மிச்ச மருந்தையும் அங்கதான் கொட்டுவாங்க. அந்தக் குழி எவ்ளோ ஊத்தினாலும் ரொம்பாது" என்றார்.

எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாத குழி. சார் என்னைப் பார்த்தார். செடியை உடனே கொல்லாமல் அதன் பச்சையை மட்டும் வெளுக்கவைக்கிற களை மருந்தும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு மூட்டை உப்பைக் கரைத்து அந்தக் குழியில் ஊற்றினோம். சுனையில் உப்பு காட்டுகிற மீட்டரை இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். பூசாரியும் எதிரில் உட்கார்ந்தார். தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை, எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. மறுநாள் அதே நேரத்தில், யாரும் தொடாமலே, மீட்டரில் எண் ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. சார் மெதுவாக விளக்கினார், குழியின் அடியில் வெடிப்பு இருக்கிறது, அது பாறைக்குள் இறங்கிச் சுனையின் ஊற்றுக்கண்ணில் திறக்கிறது என்று. பூசாரி மீட்டரைப் பார்க்கவில்லை. ஏழு கல்லையும் பார்த்தார். "தாயே, ஒன் எடத்த சுத்தமா வச்சிக்கணும்னுதான செஞ்சேன்" என்றார்.

அவர் ஊரைக் கூட்டி நடந்ததைச் சொன்னார். சிலர் நம்பினார்கள். ஆனால் போட்ட கட்டு போட்டதுதான், அடுத்த விதைப்பில் அவள் கையால் பச்சை வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார்கள். ஆக, எங்களுக்கு ஒரு விதைப்புக்கு மறு விதைப்பு வரைதான் அவகாசம். ஊர் குடிதண்ணீருக்குக் கைப்பம்புக்குப் போனது, அவள் மட்டும் ஓடைக்கு இறங்கி ஏறினாள். குழியில் கழுவுவதை நிறுத்தினோம். குழி நிறைய வைக்கோல் பைகளைப் பிரித்துத் திணித்தோம். சுனையில் மூங்கில் தெப்பம் கட்டி வெட்டிவேரை மிதக்கவிட வேண்டும். அன்னியர் இறங்கக் கூடாது என்பதால் பூசாரியே குளித்துவிட்டு, ஒவ்வொரு தெப்பத்தையும் தலையில் வைத்துக் கொண்டுபோய் இறக்கினார்.

முதல் தெப்பங்களின் இலை நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நேற்றைவிட ஒரு விரற்கடை கூடியிருக்கும். பிறகு ஒரு மழை பெய்தது. மறுநாள் பாறைக்குழி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காளான் குடை விரித்து நின்றது. ஊர் அலறியடித்து ஓடிவந்தது. "இன்னா தண்ணியம்மா, வெள்ளைய வெரட்ட வெள்ளையவே கொண்டாந்து வுட்டுட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார் பூசாரி, அதற்குள் ஊரில் எனக்குத் தண்ணியம்மா என்றே பெயர் விழுந்திருந்தது. மாதக்கணக்கில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மருந்து தின்ற காளான், மனுஷரோ ஆடோ வாய் வைக்கக் கூடாது என்று வேலி கட்டினோம். வேர்ப்பூஞ்சை ஏற்றிய நாற்றுகளை மறுபடி தெப்பத்தில் வைத்தோம். இந்த முறை வெளுப்பு நுனியோடு நின்றது. அடுத்து வந்த இலை பச்சையாக வந்தது. கொஞ்ச நாளில் சுனையின் ஓரத்தில் பாசி பிடித்தது. வழவழவென்று பாசியைப் பார்த்து ஆனந்தப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஒரு மத்தியானம் ஒரு தவளை கத்தியது. அந்த வழியாகக் கைப்பம்புக்குப் போன பெண்கள் திடுக்கிட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள், அந்த இடத்தில் சத்தம் கேட்டு அவர்களுக்குப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

விதைப்பு வந்தது. கோவிந்தம்மா புதுக்குடத்தில் சுனைத் தண்ணீர் எடுத்தாள். சார் ஊரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு தட்டு வைப்போம். ஒன்றுக்குச் சுனைத் தண்ணீர், ஒன்றுக்கு மழைத்தண்ணீர். அடையாளம் அடியில். அவள் எடுத்துக் கொடுக்கட்டும், மேரியம்மா ஊற்றட்டும், பூசாரி படிக்கட்டும். பூசாரிக்கு எது எது என்று தெரியக்கூடாது. சரி என்றார்கள்.

துணியை விலக்குகிற அன்று நான் அங்கே நிற்கவே கூடாது. ஆனால் அவள் என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. தட்டுகளை வெயிலில் வைத்தாள். ஊர் எட்டி நின்றது. பூசாரி முதுகு காட்டி நின்றார், கூப்பிட்டதும் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் முதல் துணியை எடுத்தாள். மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். வெயில் ஏற ஏற இரண்டு தட்டிலும் பச்சை மெல்லப் படர்ந்தது. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பார்த்துக்கொண்டே இருக்கையில், ஒரு தட்டில், நடுவில், ஒற்றை முளை வெளுக்க ஆரம்பித்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் அது மட்டும் பால் வெள்ளை. எந்தத் தட்டு என்று ஊற்றிய எனக்குத் தெரியும்.

கோவிந்தம்மா குனிந்தாள், தட்டைத் தொட்டுக் கும்பிடுவதுபோல. நிமிர்ந்தபோது அந்த முளை இல்லை. அவள் தாடை ஒருமுறை அசைந்தது. விழுங்கினாள். பிறகு பூசாரியைக் கூப்பிட்டாள்.

அவர் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டியிட்டுப் பார்த்தார். "ரெண்டும் பச்சை. எனக்கு வித்தியாசம் தெரியல" என்றார். அடியைத் திருப்பிக் காட்டினோம். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஓடிவந்து அவள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வருடத்தில் அந்தக் குழந்தையை வேறு யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் கிளம்பும்போது கோவிந்தம்மா எல்லைக் கல்வரை வந்தாள். ஏன் அதைத் தின்றாய் என்று காதோடு கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "வெள்ளையா இருந்துச்சே தவிர, வாயில பச்ச வாசனதான்க்கா" என்றாள்.

ஜீப்புக்கு நடக்கும் வழியில் எனக்குத் தாங்கவில்லை, சாரிடம் சொல்லிவிட்டேன். ஆயிரத்தில் ஒரு விதை தானாகவே வெளுத்துப் பிறப்பதும் உண்டு, மருந்து மிச்சமிருந்தாலும் வெளுக்கும், எதுவென்று அந்த முளையைப் பார்த்தால்தான் தெரியும், இப்போது அதுவும் இல்லை என்றேன். அவர் நின்றார்.

"இன்னிக்குத் தண்ணி ஊத்துனது யாரும்மா?"

"நான்தான் சார்."

"ஊத்துனவங்க படிக்கலாமா?"

"கூடாது சார்."

"படிச்சது பூசாரி. பச்சைன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே, "இன்னிக்குப் பச்சை" என்றார்.

அந்த மழைக்காலம் முடியும்வரை சுனைத் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் முளைக்கப் போட்டோம், எல்லாம் பச்சையாகவே வந்தது. பிறகு திட்டம் முடிந்தது. பஷீர் சார் இப்போது இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மலையிலிருந்து அந்த நர்ஸ் எப்போதாவது பேசுவார். கோவிந்தம்மா கைராசிக்காரி என்று ஊரே கொண்டாடுகிறதாம். ஒவ்வொரு வருடமும் அவள்தான் தண்ணீர் எடுக்கிறாளாம், துணியை முதலில் விலக்குவதும் அவள்தானாம். ஒரு வருடம்கூட ஒரு வெள்ளை முளை வந்ததில்லையாம்.

பெண்ணே, அந்த மெஷினுக்கு முதல் வேலை இதுதான். மலைமேல் அந்தச் சுனைக்குப் போய் ஒரு பாட்டில் பிடித்து வா. அதே தண்ணீரை நீ எடுத்து வைத்த தட்டிலும் சாமை தூவி ஊற்று. கரைக்குப் போகும் முன் செருப்பைக் கழற்று. பிடிப்பது நீயானால் படிப்பது வேறு ஆளாக இருக்கட்டும். என்ன வந்தாலும் ஊருக்குச் சொல்லும் முன் கோவிந்தம்மாவிடம் தனியாகச் சொல். அவள் மகள் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.